எக்ஸாஸ்ட் மாற்றிய ஸ்னோமொபைலின் கிளட்ச்: எதைத் தொடுவது, எதை விட்டுவைப்பது

பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலில் கம்பெனி கொடுத்த எக்ஸாஸ்ட்டைக் கழற்றிவிட்டு வெளிக் கம்பெனித் தயாரிப்பு ஒன்றைப் பொருத்திய மறுநாளே, கிளட்சை என்ன செய்வது என்ற கேள்வி வந்துவிடும். அதை அப்படியே விட்டுவிடலாம்; வெயிட்டை மட்டும் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்; முன் கிளட்சான பிரைமரியின் ஸ்பிரிங்கை மாற்றலாம்; பின் கிளட்சான செகண்டரியில் ஹெலிக்ஸ் வரை போகலாம்; எல்லாம் அடங்கிய கிட் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம். இந்த ஐந்தில் எது யாருக்குப் பொருந்தும் என்பதையே இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். கனடாவின் ஒன்டாரியோவில் பாரி சவுண்டை ஒட்டிய தடங்களில் பல பனிக்காலங்களாக ஓட்டி வருகிறேன். என் வண்டியின் கிளட்சையும் நண்பர்கள் சிலருடைய வண்டிகளின் கிளட்சையும் நானே பிரித்துப் பூட்டுகிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற ஆர்.பி.எம்.மை ஒழுங்காக அளந்து பார்க்காதவரை, இந்த ஐந்தில் எதைத் தேர்ந்தாலும் அது குருட்டுத் தேர்வுதான்.

இந்தக் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்பது கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். கிராங்கின் முனையில் பிரைமரி, பின்னால் ஜாக்‌ஷாஃப்டில் செகண்டரி, இரண்டுக்கும் நடுவே ஒரு பெல்ட். ஸ்கூட்டரில் உருளும் ரோலர்கள் செய்யும் வேலையை இங்கே வெயிட்டுகள் செய்கின்றன. எஞ்சின் வேகமாகச் சுழலச் சுழல அவை வெளிப்பக்கம் வீசப்பட்டு, பிரைமரியின் இரு தகடுகளையும் நெருக்கிப் பெல்ட்டை மேலே ஏற்றும். அந்த நெருக்கத்தை ஸ்பிரிங் எதிர்த்துப் பிடிக்கும். ஆகவே வெயிட் கூடினால் ஆர்.பி.எம். இறங்கும், ஸ்பிரிங்கின் விசை கூடினால் ஏறும். செகண்டரியில் ஹெலிக்ஸ் எனப்படும் சாய்வுப் பாதையும் இன்னொரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. வண்டியின் அடியில் சுழலும் பட்டையான டிராக்கிலிருந்து வரும் சுமையை உணர்ந்து, பெல்ட் எவ்வளவு சீக்கிரம் கீழே இறங்க வேண்டும், எப்போது திரும்ப மேலேற வேண்டும் என்பதை அவை தீர்மானிக்கின்றன. த்ராட்டிலை முழுக்க அழுத்திப் பிடித்திருக்கும்போது, வண்டியின் வேகம் 40-இலிருந்து 140 வரை ஏறினாலும் எஞ்சினின் ஆர்.பி.எம். ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் உச்சத் திறனைத் தரும் அந்த இடத்தில் அதை நிறுத்தி வைப்பதுதான் கிளட்ச் ட்யூனிங்.

எக்ஸாஸ்ட்டை மாற்றினால் இரண்டு விஷயங்கள் மாறக்கூடும். எஞ்சினின் திறன் கூடலாம். அந்தத் திறன் உச்சத்தைத் தொடும் ஆர்.பி.எம். இடம் பெயரலாம். இவை இரண்டும் வெவ்வேறானவை என்பதை மனத்தில் வைக்காமல் போவதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

ஆகவே, மாற்றியது சைலன்சரை மட்டுமா, பைப்பையும் சேர்த்தா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் நடுவே பருத்து இரு முனையும் குறுகிய அந்தப் பைப் வெறும் புகைக்குழாய் அல்ல. வெளியேறும் வாயுவின் அழுத்த அலை அதன் பின்கூம்பில் மோதித் திரும்பி வந்து, எக்ஸாஸ்ட் துவாரம் மூடுவதற்குச் சற்று முன்பு, வெளியே தப்பப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திரும்பத் தள்ளுகிறது. அலை சரியான நேரத்தில் திரும்பி வரும் ஆர்.பி.எம்.மில்தான் எஞ்சின் முழுத் திறனைக் காட்டும். பைப்பின் நீளமும் கூம்பின் கோணமும் மாறினால் அந்த ஆர்.பி.எம்.மும் மாறும். சைலன்சர் இந்தக் கணக்கில் அவ்வளவாகத் தலையிடுவதில்லை. அதை மட்டும் மாற்றினால் சில கிலோ எடை குறையும், சத்தம் கூடும், திறனில் சிறு மாற்றம் இருக்கலாம், உச்ச ஆர்.பி.எம். பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆகையால், சைலன்சரை மட்டும் மாற்றியவருக்கு என் முதல் யோசனை கிளட்சைத் தொடாமல் அளந்து பார்ப்பதுதான். எடுத்துக்காட்டாக, ஸ்கி-டூ வண்டிகளில் வரும் ரோட்டாக்ஸ் 850 இ-டெக் எஞ்சின் சுமார் 7,900 ஆர்.பி.எம்.மில் உச்சத் திறனைத் தருகிறது. சைலன்சர் மாற்றிய பிறகும் முழுத் த்ராட்டிலில் அது அந்த எண்ணைச் சுற்றியே நிற்கிறது என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. 150, 200 என்று மேலே ஏறியிருந்தால் வெயிட்டில் சிறு திருத்தம் போதும். சைலன்சர் பெட்டியோடு ஒரு கிளட்ச் கிட்டையும் சேர்த்து விற்கப் பார்க்கும் கடைகள் உண்டு. இந்த நிலையில் கிட் வாங்குவது தேவையில்லாத செலவு.

பைப்பை மாற்றியவர்களின் நிலை வேறு. இங்கே என்னுடைய தவறு ஒன்றையே சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்த ஒரு 800 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு முழுப் பைப் போட்டபோது, பைப் போட்டால் திறன் கூடும், திறன் கூடினால் வெயிட்டைக் கூட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்லும் சூத்திரத்தை நம்பி, அளந்து பாராமலே ஒவ்வொரு வெயிட்டிலும் இரண்டு கிராம் ஏற்றினேன். வண்டி முன்பு இருந்ததைவிட மந்தமாகிவிட்டது. பைப்பில்தான் குறை என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பைப்போடு வந்த தாளை விரித்து நிதானமாகப் படித்தபோது, அந்தப் பைப்பின் உச்சம் கம்பெனிப் பைப்பைவிட 200 ஆர்.பி.எம். மேலே என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. எஞ்சினை மேலே ஏற விட வேண்டிய இடத்தில் நான் அதை அமுக்கி வைத்திருந்தேன். ஏற்றிய இரண்டு கிராமையும் எடுத்து, அதற்குமேல் இன்னொரு கிராமும் குறைத்த பிறகுதான் பைப் தன் வேலையைச் செய்தது.

எனவே பைப் மாற்றியவர் முதலில் தேட வேண்டியது, அந்தப் பைப்பைச் செய்தவர்கள் குறிப்பிடும் இலக்கு ஆர்.பி.எம். என்ன என்பதை. அது கையில் இருந்தால் மூன்றில் ஒரு நிலைதான் வரும். அளந்த எண் இலக்கைத் தாண்டியிருந்தால் வெயிட்டைக் கூட்ட வேண்டும். இலக்கிலேயே நின்றால் விட்டுவிட வேண்டும். கூடிய திறனே எஞ்சினைப் புதிய இடத்துக்கு ஏற்றிவிட்டது என்று அர்த்தம். இலக்கை எட்டாமல் நின்றால் வெயிட்டைக் குறைக்க வேண்டும், அல்லது முடிவு விசை, அதாவது முழுதும் அழுங்கிய நிலையில் தரும் விசை, அதிகமுள்ள பிரைமரி ஸ்பிரிங்கைப் போட வேண்டும். உச்சத்தைத் தாண்டியபின் பைப் எஞ்சினின் திறன் சரசரவென்று விழும் என்பதால், தாண்டி நிற்பதைவிடச் சற்றுக் கீழே நிற்பது மேல் என்பது என் கருத்து.

அளப்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா முடிவுகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. எனக்கு அனுமதி தந்திருக்கும் ஒரு விவசாயியின் வயலில், பனி இறுகிய ஏறக்குறைய 400 மீட்டர் நேர்ப்பாதையில்தான் நான் அளக்கிறேன். முதலில் பதினைந்து நிமிடமாவது ஓட்டி எஞ்சினையும் பெல்ட்டையும் பைப்பையும் சூடாக்க வேண்டும். பைப்புக்குள் வாயு சூடேறினால் அலையின் வேகம் கூடும், வேகம் கூடினால் உச்ச ஆர்.பி.எம்.மும் மேலே நகரும். குளிர்ந்த பைப்பில் எடுத்த எண் தடத்தில் ஒரு மணி நேரம் ஓடிய பைப்புக்குப் பொருந்தாது. பிறகு த்ராட்டிலை முழுக்க அழுத்தி, எண் ஓரிடத்தில் நிலைக்கும்வரை பிடித்திருந்து குறித்துக்கொள்ள வேண்டும். காற்றின் பாதிப்பைக் கழிக்க, அதே பாதையில் எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓட்ட வேண்டும். டிஸ்ப்ளே நினைவில் வைத்திருக்கும் அதிகபட்ச ஆர்.பி.எம்.மை நம்பி வேலை செய்யக் கூடாது. மேட்டில் வண்டி எழும்பி டிராக் ஒரு கணம் காற்றில் சுழன்றபோது பதிவான எண்ணாக அது இருக்கலாம். அன்றைய வெப்பநிலை, பனி உதிரியா இறுகலா என்பவற்றையும் எழுதி வைப்பது நல்லது. மைனஸ் 20-இல் எடுத்த எண்ணையும் மைனஸ் 3-இல் ஈரப் பனியில் எடுத்த எண்ணையும் ஒப்பிடவே முடியாது.

அளப்பதற்கு முன்பு பழைய தேய்மானத்தையும் பார்த்தாக வேண்டும். தேய்ந்து அகலம் குறைந்த பெல்ட், இழுவை தளர்ந்த ஸ்பிரிங், ஆட்டம் கண்ட புஷ், பள்ளம் விழுந்த வெயிட் முனை ஆகிய ஒவ்வொன்றும் ஆர்.பி.எம்.மைத் தன் போக்கில் நகர்த்தும். ஒருமுறை நண்பர் ஒருவரின் வண்டியில் மூடியைத் திறந்தபோது, பிரைமரித் தகட்டின் முகம் முழுவதும் பெல்ட் தூள் கரும்பசையாகப் படிந்திருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிரேக் கிளீனரில் துடைத்து, இரு கிளட்சுகளின் நேர்வரிசையையும் சரிசெய்துவிட்டு அளந்தோம். அவர் புது ஸ்பிரிங் வாங்கித் தீர்க்க நினைத்த கோளாறு அங்கேயே தீர்ந்துவிட்டது.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம். இருப்பதையே திருகிச் சரிசெய்யும் வசதி சில வண்டிகளில் உண்டு. ஸ்கி-டூவின் டி.ஆர்.ஏ. கிளட்சில் 1 முதல் 6 வரை எண்ணிட்ட மூன்று கிளிக்கர்கள் இருக்கின்றன. ஓர் எண் நகர்த்தினால் ஆர்.பி.எம். ஏறக்குறைய 200 மாறும், எண் கூடினால் ஆர்.பி.எம். கூடும். மூன்றையும் ஒரே எண்ணில் வைக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் சிரமம் ஒன்றும் இல்லை. பைசாச் செலவும் இல்லை. அளந்த எண் இலக்கிலிருந்து 200, 300-க்குள் இருக்கிறது என்றால், இந்த வசதி உள்ளவர் வேறு எதையும் வாங்குவதற்கு முன் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும். ஆனால் கிளிக்கரின் ஆட்சி முக்கியமாக மேல்முனையில்தான். புறப்பாட்டில் சோர்வோ வளைவிலிருந்து வெளியேறும்போது தொய்வோ இருந்தால் அதை இது தீர்க்காது.

வெயிட்டை மாற்றுவது எல்லா வண்டிகளிலும் செய்யக்கூடிய, கணக்கு எளிதாக விளங்கும் வழி. பொலாரிஸ் வகைக் கிளட்சுகளில் ஒரு வெயிட்டுக்கு ஒரு கிராம் என்றால் ஆர்.பி.எம். ஏறக்குறைய 100 மாறும் என்பது கராஜுகளில் புழங்கும் உத்தேசக் கணக்கு. வண்டிக்கு வண்டி அது சற்றுக் கூடக்குறைய இருக்கும். துளையில் திருகாணியோ ரிவெட்டோ வைத்து எடையைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் வெயிட்டுகளும் கிடைக்கின்றன. எக்ஸாஸ்ட் மாற்றியவர் ஒரே ஒரு பொருளைத்தான் வாங்க முடியும் என்றால், நான் அவரை வாங்கச் சொல்வது இதைத்தான். ஏனென்றால் இதில் எவ்வளவு என்பது மட்டுமல்ல, எங்கே என்பதும் நம் கையில் இருக்கிறது. நுனியில் ஏற்றிய எடை மேல்வேகத்தில் அதிகம் பேசும். அடியில் ஏற்றிய எடை புறப்பாட்டிலும் நடுவேகத்திலும் பேசும். பைப் மாற்றிய பல டூ-ஸ்ட்ரோக்குகளில் மேலே திறன் கூடினாலும் நடுவே சற்றுத் தொய்வு இருக்கும். அடியில் எடையைக் குறைத்து நுனியில் வைத்திருப்பதன் மூலம் அந்தத் தொய்வை ஓரளவு மறைக்க முடிகிறது. மூன்று வெயிட்டும் தராசில் வைத்தால் ஒரே எடை காட்ட வேண்டும். நகைக்கடைத் தராசு அளவுக்கு வேண்டாம், பத்தில் ஒரு கிராம் காட்டும் சிறு தராசு போதும்.

பிரைமரி ஸ்பிரிங்கின் பெயரிலேயே இரண்டு எண்கள் இருக்கும். 140-330 என்றால் பெல்ட்டைப் பிடிக்கும் நேரத்தில் 140 பவுண்டு விசை, முழுதும் ஏறி முடிந்த நிலையில் 330 பவுண்டு விசை என்று பொருள். முதல் எண் கூடினால் வண்டி நகரத் தொடங்கும் ஆர்.பி.எம். உயரும், இரண்டாவது கூடினால் முழுத் த்ராட்டில் ஆர்.பி.எம். உயரும். புதுப் பைப் குறைந்த ஆர்.பி.எம்.மில் திறன் தராமல் இருந்து, பழைய இடத்தில் பெல்ட் பிடிக்கும்போது எஞ்சின் திணறுகிறது என்றால்தான் ஸ்பிரிங்கைத் தொடுவதற்குக் காரணம் இருக்கிறது. நெரிசலான தடத்தில் நிதானமாக ஓட்டுகிறவருக்கு உயர்ந்த தொடக்க விசை வேதனைதான். ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பும், பெல்ட்டும் சூடாகும். பிரைமரி மூடியின் அடியில் அந்த ஸ்பிரிங் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சமமாகத் தளர்த்தியோ அதற்கான கருவியால் பிடித்தோதான் கழற்ற வேண்டும். பெல்ட் இல்லாமல் எஞ்சினை முறுக்கிப் பார்ப்பதும் கூடாது.

செகண்டரியில் கை வைப்பதைக் கடைசியாகத்தான் வைப்பேன். ஹெலிக்ஸின் கோணம் கூடினால் பெல்ட் பிரைமரியில் வேகமாக ஏறி ஆர்.பி.எம். இறங்கும், குறைந்தால் ஏற்றம் நிதானமாகும், சுமை வந்ததும் திரும்பி இறங்குவது விரைவாகும். முழுத் த்ராட்டிலில் ஆர்.பி.எம். சரியாக இருந்தும், வளைவில் த்ராட்டிலை விட்டு மறுபடி அழுத்தும்போது எஞ்சின் சில நூறு ஆர்.பி.எம். கீழே விழுந்து தடவித் தடவி ஏறுகிறது என்றால், அங்கே கேட்பது செகண்டரிதான். அப்போதும் ஹெலிக்ஸுக்கு முன் செகண்டரி ஸ்பிரிங்கின் முனையை அடுத்த துளைக்கு மாற்றி இறுக்கிப் பார்க்கலாம். எங்கே கோளாறு என்பதை வெப்பமும் காட்டிக்கொடுக்கும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் எஞ்சினை அணைத்து, எல்லாம் நின்ற பிறகு, இரு கிளட்சுகளின் வெப்பத்தையும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் பார்க்க வேண்டும். பிரைமரி மட்டும் அளவுக்கு மீறிச் சுட்டால் அங்கே பெல்ட் வழுக்குகிறது; செகண்டரி சுட்டால் அங்கே பிடிமானம் போதவில்லை.

கிட் வாங்குவதன் நியாயம் வேறு. குறிப்பிட்ட எஞ்சினுக்கும் குறிப்பிட்ட பைப்புக்கும் பலமுறை ஓட்டிப் பார்த்துச் சேர்த்த வெயிட், ஸ்பிரிங், ஹெலிக்ஸ் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். அளந்து அளந்து மாற்றும் பொறுமையோ நேரமோ இல்லாதவருக்கு அது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் கிட் எந்த உயரத்துக்கானது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் எஞ்சின் ஏறக்குறைய மூன்று சதவீதத் திறனை இழக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் மலைகளில் 2,000 மீட்டரில் ஓட்டுகிறவருக்கான வெயிட்டை ஒன்டாரியோவின் தாழ்நிலத்தில் போட்டால், எஞ்சின் இலக்கைத் தாண்டி எகிறும். கிட் போட்ட பிறகும் அளந்து ஓரிரு கிராம் திருத்த வேண்டியிருக்கும். அளக்கும் வேலையிலிருந்து கிட் யாரையும் விடுவிப்பதில்லை.

டர்போ பொருத்திய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இந்த ஒப்பீடு அப்படியே செல்லாது. யமஹா சைட்விண்டர் போன்ற 998 சிசி வண்டிகளில் எக்ஸாஸ்ட்டைத் திறந்துவிட்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவையும் மாற்றினால் கூடும் திறன் மிகப் பெரியது. அங்கே வெயிட், ஸ்பிரிங், ஹெலிக்ஸ் மூன்றையும் ஒருசேரத் திட்டமிடுவதே வழி.

கிளட்சுக்கும் முந்தியது எரிபொருள். முழுப் பைப் கலவையை லீனாக்கக்கூடும், அதாவது அதில் எரிபொருளின் பங்கு குறையக்கூடும். கார்பரேட்டர் வண்டியில் மெயின் ஜெட்டையும், இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஃப்யூவல் கண்ட்ரோலரையோ இசியூ மேப்பையோ கவனிக்காமல், முழுத் த்ராட்டிலில் ஆர்.பி.எம். அளக்கப் போனால் பிஸ்டன் உருகிப் போகும் வாய்ப்பு உண்டு. கம்பெனிப் பைப்பில் வெப்பநிலை சென்சர் இருந்தால் புதுப் பைப்பிலும் அது உட்கார வேண்டும். வயரைக் கட்டித் தொங்கவிட்டு ஓட்டுவது எஞ்சினின் கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம்.

எக்ஸாஸ்ட்டை மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் இந்த ஒப்பீட்டுக்குள் வரவேண்டியதே. ஒன்டாரியோ தடங்களில் சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 50 கி.மீ. கம்பெனி வண்டிகள் முழுத் த்ராட்டிலில் 50 அடி தூரத்தில் 78 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்ற அளவில் சான்று பெற்று வருகின்றன; பல சைலன்சர்கள் அதைத் தாண்டுகின்றன. கியூபெக்கில் சத்தத்தைக் கூட்டும் மாற்றங்களுக்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. எங்கள் தடங்களில் பல, தனியார் நிலங்களின் வழியே, உரிமையாளர்கள் மனமுவந்து தரும் அனுமதியில்தான் போகின்றன. இரவு பதினொரு மணிக்கு வீட்டின் பின்புறம் அலறிக்கொண்டு போகும் ஒரு வண்டி, ஓர் ஊரின் இணைப்புத் தடத்தையே மூட வைக்க முடியும். தடத்தில் மட்டுமே ஓட்டுகிறவர் என்னிடம் கேட்டால், கம்பெனி எக்ஸாஸ்ட்டை விட்டுவைத்துக் கிளட்சைச் சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, ஆர்.பி.எம்.மை இலக்கில் நிறுத்தச் சொல்வேன். நானே பார்த்தவரை, அந்த வேலை தரும் புறப்பாட்டு வேகம், ட்யூன் செய்யாத பைப் ஒன்று தருவதைவிட அதிகம்.

ஆழ்பனியிலும் மலையிலும் ஏறுகிறவருக்கும் பந்தயத்துக்குப் போகிறவருக்கும் பைப்பின் பலன் உண்மையானது. அவர்கள் எரிபொருளை முதலில் சரிசெய்து, கிளிக்கரோ அட்ஜஸ்டபிள் வெயிட்டோ கொண்டு இலக்கைப் பிடித்து, அதன் பிறகும் வளைவில் தொய்வு இருந்தால் மட்டும் செகண்டரிக்குப் போகலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. கழற்றிய கம்பெனி வெயிட்டையும் ஸ்பிரிங்கையும் உறையில் போட்டு, எத்தனை கிராம், எந்த ஸ்பிரிங், எந்தக் கிளிக்கர் எண், அப்போது ஆர்.பி.எம். எவ்வளவு என்று எழுதி ஒட்டி வையுங்கள். என் கராஜ் அலமாரியில் அப்படி ஏழு உறைகள் இருக்கின்றன. வண்டியை விற்கும்போதோ பைப்பைக் கழற்றும்போதோ நான் முதலில் எடுப்பது அவற்றைத்தான்.